ஜன்னல் மாறலாம், எழுத்து மாறக் கூடாது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு கேள்வி. இன்று தமிழில் டைப் செய்திடும் பைலை இருபது ஆண்டு கழித்து உங்களால் படிக்க முடியுமா?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, பழைய சிடி ஒன்றைக் கொண்டு வந்தார். பாட்டி சொல்லச் சொல்ல, 2002-ல் விண்டோஸ் 98 நோட்பேடில் அவர் டைப் செய்து வைத்த கை வைத்தியக் குறிப்புகள் அதில் இருந்தன. பாட்டி இப்போது இல்லை. என் லேப்டாப்பில் பைலைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளைக் கிளறிக் கொட்டியது போல் வந்தது.

என்ன காரணம்? விண்டோஸ் 98-க்குத் தமிழ் தெரியாது. விண்டோஸ் 2000-ல்தான் தமிழுக்கான ஆதரவு வந்தது. அதற்கு முன் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அன்றைய பாண்டில் 256 இடங்கள். அவற்றில் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். எடிட்டர் ஆங்கிலம் என்று நினைத்தே சேமித்தது. நம் கண்ணுக்கு மட்டும் தமிழ் தெரிந்தது. இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு போன்ற முயற்சிகள் இல்லாவிட்டால், கம்ப்யூட்டரில் தமிழுக்காக இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்திருப்போம். ஆனால், பாண்ட் போனால் பைலும் போச்சு.

இன்னொரு எடிட்டரின் கதையைப் பாருங்கள். லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டி, நாம் அழுத்தும் கீயைப் புரோகிராமிடம் சேர்க்கும் வேலையை எக்ஸ் என்ற சிஸ்டம் பல ஆண்டுகளாகச் செய்தது. அதற்கு மாற்றாக 2008-ல் வேலேண்ட் தொடங்கப்பட்டது. ஈமாக்ஸ் என்னும் எடிட்டரில், லினக்ஸில் ஜன்னலைக் காட்டும் பகுதி எக்ஸை நம்பி எழுதப்பட்டது. வேலேண்டில் இடைத்தரகர் புரோகிராம் ஒன்றின் வழியாகத்தான் ஓடியது; சில திரைகளில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. யூகி ஹரானோ உள்ளிட்டோர், எக்ஸ் இல்லாமலே இயங்கும் வடிவத்தை எழுதினார்கள். 2023 ஜூலையில் வெளியான ஈமாக்ஸ் 29-ல் அது சேர்ந்தது. ஜன்னலைக் கையாளும் பகுதி மட்டுமே மாறியது. அதில் எழுதி வைத்திருந்தவர்களின் பைல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இரண்டும் ஆதரவு இல்லாத இடத்தில் எடிட்டரை ஓட வைத்த கதைதான். ஒன்றில் எழுத்தை வளைத்தோம். மற்றதில் புரோகிராமை வளைத்தார்கள். என் கருத்தில் இரண்டாவதே சரியான வழி. சிஸ்டம் இனியும் மாறிக் கொண்டேதான் இருக்கும்; நம் எழுத்து எதையும் நம்பி நிற்கக் கூடாது.

அதற்கு நம்மிடம் யுனிகோட் இருக்கிறது. 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் தரப்பட்டது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆனாலும் சில டி.டி.பி. கடைகளில் இன்றும் பழைய பாண்டிலேயே டைப் செய்து தருகிறார்கள். நீங்கள் யுனிகோடில் வேண்டும் என்று கேட்டு வாங்கவும். நோட்பேடில் சேமிக்கும்போது யு.டி.எப்-8 இருக்கிறதா என்று பார்க்கவும். பழைய பைல்கள் இருந்தால், பாண்டின் பெயர் நினைவில் இருக்கும்போதே கன்வர்ட்டர் மூலம் மாற்றி விடவும்.

மாமாவுக்குப் பாண்டின் பெயர் மறந்து விட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்காவதாகப் பாமினியைப் போட்டதும், முதல் வரியில் சுக்கும் மிளகும் தெரிந்தன. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.