கிரீடத்துக்குக் கும்பிடு, தலைக்கு இழிவா?

ஆப்பிரிக்காவில் முகமூடி கட்டி ஆடுகின்றார்கள் என்றால் நமது ஜனங்கள் “காட்டுமிராண்டிகள்” என்று சிரிக்கின்றார்கள். இப்படிச் சிரிக்கின்ற கனவான்கள், நமது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கும் இராத்திரி ஒன்றில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும் என்கின்றோம்.

மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வர்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் இவ்வளவையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருகின்றான். இந்தக் கட்டைச் சாமான்களை வைத்தே இதற்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் மரத்தின்மேல் நின்று எறியும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்துகின்றார்கள். எலுமிச்சம்பழத்தால் பிள்ளை பிறக்குமா என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்த நேரத்தில் மரத்தின் மேலிருப்பவர் என்ன ஜாதி என்று யாராவது கேட்கின்றார்களா? இல்லை. பொழுது விடிந்து அரிதாரத்தைக் கழுவியதும் எத்தனையோ ஊர்களில் ஜாதி திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளுகின்றது. இராத்திரி தர்மராஜா, காலையில் “அடே, இங்கே வாடா!” அப்படியானால் கும்பிட்டது மனிதனையா, மரக்கட்டையையா?

ஆப்பிரிக்காவிலும் மயக்கம் இல்லாமலில்லை. லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளிலுள்ள டான் ஜனங்களுக்குள் முகமூடி தரித்தவர் வழக்குத் தீர்ப்பதும் சண்டையை விலக்குவதும் வழக்கம்; பேசுவது மனிதனல்ல, ஆவி என்பது அவர்கள் நம்பிக்கை. (நீதிபதிகளுக்குக் குதிரைமயிர்த் தொப்பி மாட்டிய வெள்ளைக்காரரும் இவர்களைக் கண்டு சிரித்ததுதான் வேடிக்கை.) சியரா லியோனில் மெண்டே ஜாதியாரின் சாண்டே என்னும் பெண்கள் சங்கத்தில் மர முகமூடியைப் பெண்களே தரிக்கின்றார்கள். அச்சங்கம் சிறுமிகளுக்குச் செய்யும் அங்கச் சேதத்தை நாம் ஒருக்காலும் ஒப்பமாட்டோம். ஆனால், பெண்ணின் தலை முகமூடிக்குத் தகாது என்று அங்கே சொல்லவில்லை. இங்கேயோ துரோபதை வேஷத்தைக்கூட ஆண்பிள்ளையே வெகுகாலம் கட்டிவந்தான். 1990-இல் காஞ்சிபுரத்தில் ஏற்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002-இல் ஒரு குருகுலம் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கிரீடம் கட்டியதால் எந்தப் பாரதமும் கெட்டுப்போகவில்லை.

கூத்தை நிறுத்தச் சொல்லவில்லை. விடிய விடிய ஆடுவதும் பாடுவதும் அருமையான தொழில். வருகின்ற திருவிழாவில் கமிட்டியார் நோட்டீசில் உபயதாரர் பெயருக்கு மேலே ஆட்டக்காரர் பெயரை அச்சடிக்கட்டும். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கட்டும். காலையில் தங்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடட்டும். இதற்குச் சம்மதமா என்று பெயர் சொல்லிக் கேட்க நமக்கு ஆசை.