எண்களுக்கு ஜோடனை

கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் படம் செய்கிறவர்களை நம் சிறுபத்திரிகை நண்பர்கள் இரண்டு விதமாக எதிர்கொள்கிறார்கள். மெஷின் செய்வது கலையாகாது என்று ஒரு கோஷ்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திரையில் அசைவதெல்லாம் நவீனம் என்று இன்னொரு கோஷ்டி கைதட்டுகிறது. இரண்டுமே பார்க்க மறுக்கும் சோம்பேறித்தனம்.

முதல் கோஷ்டிக்குப் பதில் 1974லேயே இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய கட்டுரை அந்த வருஷம் வந்தது. விதி அங்கே உருவத்தின் உள்ளேயிருந்து கண்டெடுக்கப்பட்டது. கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இனி இரண்டாவது கோஷ்டி. 2001ல் கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய ‘ப்ராசஸிங்’, ஓவியனும் நிரல் எழுத வழி செய்தது. நல்ல காரியம். ஆனால் அதை வைத்து என்ன நடக்கிறது? வீடியோ கேம் ஆடியவனின் கணக்கு – எத்தனை மணி ஆடினான், எத்தனை பேரைச் சுட்டான், எத்தனை தடவை செத்தான் – சுழலும் வட்டங்களாகிறது. சுட்டது அதிகமானால் வட்டம் பெருக்கும். தோற்றால் நிறம் மங்கும். ஏன் வட்டம்? ஏன் மங்க வேண்டும்? பதில் இல்லை. தக்காளி விலையைப் போட்டாலும் அதே வட்டம் அதே அழகோடு சுழலும். விஷயம் எதுவானாலும் ஒரே சந்தத்தில் கொட்டும் கவியரங்கக் கவிஞனை நாம் நிராகரித்தது இந்தக் காரணத்துக்காகத்தானே?

நான் பாங்க் குமாஸ்தா. லெட்ஜரின் ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் அதைக் கேட்டவன் ஒருவன் உண்டு என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கினவன் ராத்திரி தூங்கினானா என்பதற்குப் பத்தி கிடையாது. ஆட்டக் கணக்கும் அப்படியே. ‘ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூ’ 2007ல் வந்தபின், ஆட்டக்காரர்கள் எங்கெங்கே செத்தார்கள் என்று வால்வ் கம்பெனி வரைபடத்தில் வண்ணமாகக் காட்டியது. அந்த வண்ணத்துக்கு வேலை இருந்தது: எந்த மூலை ஆளை மடக்குகிறது என்று தெரிந்தது. நம் கலைஞனோ, எதை எண்ணாமல் விட்டாய் என்று கம்பெனியைக் கேட்பதில்லை. கொடுத்த எண்ணுக்கு மாலை போடுகிறான்.

1858ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்டதும் வட்டப் படம்தான். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்று அதன் நிறப் பரப்பே சொல்லிற்று. வேறெந்தக் கணக்குக்கும் அதை மாற்றிப் போட முடியாது.

இங்கே நடந்ததைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு விதி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டது. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது; ஆகஸ்டில் மத்திய சட்டம் அந்த ஆட்டங்களையே தடை செய்தது. சட்டத்தின் நியாயம் தனி விவகாரம். நான் பார்ப்பது உருவத்தை: 24 மணி நேரத்தில் ஐந்து மணி வெற்றுப் பட்டை. சுழலும் வட்டங்கள் அத்தனையும் காட்டாததை ஒரு சர்க்கார் விதி காட்டிவிட்டது.

பட்டை என்றால் என்ன என்று ஜமக்காளம் நெய்கிற பவானிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எந்த நிறம், எத்தனை அகலம், எதன் பக்கத்தில் எது – இவை தீர்மானங்கள். தூங்காதவனின் ராத்திரியை எந்த அகலத்தில் வைப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்தவன் நிரல் எழுதட்டும். அவன் படம் அசையக்கூட வேண்டியதில்லை.