ஒடுக்கு எடுக்கும் கலை

ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் யந்திரங்களைக் கண்டு வியக்காமல் திரும்புவதில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த கம்பெனிதான், அசோக் லேலண்ட் என்ற பெயருடன் 1980-ல் இங்கே லாரித் தொழிற்சாலை வைத்தது. இன்று மோட்டார்த் தொழிலில் தகடு அச்சுக்கு அடியில் போகிறது. சில அழுத்துகளில் கதவுத் தகடாகி வெளியே வருகிறது.

ஆனால் சென்ற வாரம் நம்மை அவ்வூரில் நிறுத்தி வைத்தது ஒரு தகரக் கொட்டகையே. நம் நண்பருடைய அம்பாஸடர் வண்டியின் கதவை ஒரு லாரி நசுக்கிவிட்டது. 1957-ல் வெளிவந்த அந்த வண்டியின் உற்பத்தி 2014-லேயே நின்று போயிற்று. புதுக் கதவுக்கு எங்கே போவது?

டிங்கரிங் செய்யும் பெரியவர் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தார். "அடி வெளியே பட்டிருக்கு, நோய் உள்ளே இருக்குதுங்க, ஐயா" என்றார். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள துவாரங்கள் வழியே வடிய வேண்டும். புழுதி அவற்றை அடைத்துவிட்டபடியால் தகடு துருவேறி இற்றிருந்தது.

பள்ளத்தில் பட்டியை அப்பி வர்ணம் அடித்தால் அரை நாளில் வேலை முடியும். சில மழைக்காலங்களில் வெடித்து உதிரவும் செய்யும். பெரியவர் அவ்வழியை நாடவில்லை. தகட்டின் பின்புறம் இரும்புக் கட்டையை அணைத்து, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்டி வந்தார். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு தொளதொளத்துவிடுமாம். அப்படி நீண்ட ஓரிடத்தைப் புள்ளியளவு பழுக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றினார். தகடு சுருங்கி அடங்கிற்று! பிறகு இற்ற பகுதியை வெட்டியெறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து, விளிம்பைச் சட்டத்தின்மேல் மடித்தார். பட்டி கடைசியில், மெல்லிய பூச்சாக மட்டுமே.

"கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லையா?" என்று கேட்டோம்.

"கம்பெனிக்குப் போனா மாசச் சம்பளம், ஐயா. என் பையனே அங்கேதான் இருக்கான்."

அந்தப் பிள்ளையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த தேசத்துக்கு அதைச் செப்பனிடவும் தெரிந்திருக்க வேண்டாமா? தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகைய பெரியவர்களை, வாரம் ஒரு நாளாவது, சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்தலாம். கை ஓய்ந்த பிறகு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதில் பிரயோஜனமில்லை.

வண்டி வைத்திருக்கும் நேயர்கள் மழைக்கு முன் கதவடித் துவாரங்களை ஒரு குச்சியால் குத்திவிடுவார்களாக. அதற்கு எந்த நிபுணரும் வேண்டியதில்லை!