பழைய பாவும் புதிய பாவும்

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் புத்தாண்டு ஒருமுறை மட்டும் பிறப்பதில்லை. சித்திரை முதல் நாளில் தமிழாண்டு பிறக்கிறது. சனவரி முதல் நாளில் கடைச் சுவர்களில் புதிய நாட்காட்டி ஏறுகிறது. முஹர்ரம் மாதப் பிறை தென்படும் மாலையில் ஹிஜ்ரி ஆண்டு தொடங்குகிறது. ஏறத்தாழ 354 நாள்களே கொண்ட அவ்வாண்டு ஒவ்வொரு முறையும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. நெல்லைச் சீமையில் முன்னாளில் வழங்கிய கொல்லம் ஆண்டோ ஆவணி முதல் நாளில் பிறந்தது. உழவரைக் கேட்டால், மேற்கு மலையில் மழை இறங்கிக் கருப்பாநதியில் நீர் பெருகும் நாளே தலைநாள் என்பர்.

ஆங்கிலப் புத்தாண்டும் என்றும் சனவரியில் இருந்ததன்று. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாளே தொடங்கியது. எனவே, மனிதரை மாற்றும் ஆற்றல் எந்த ஒரு நாளுக்கும் இயல்பாக இல்லை. அதனால் புத்தாண்டு உறுதிமொழியே வீண் என்று நகைப்போர் உண்டு. அவர்கள் கூற்று பாதியே உண்மை. ஓடிக்கொண்டே இருப்பவர் திரும்பிப் பார்க்க இயலாது. நின்று பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதே புத்தாண்டின் பயன்.

நின்று பார்ப்பது எவ்வாறு என்பதைக் கடையநல்லூரின் பழந்தொழிலான நெசவிலிருந்தே அறியலாம். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய இழைகளை நெசவாளர் முற்றாக உருவி எறிவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் அவற்றின் நுனிகளை விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை இவ்வாறு பிணைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிணைத்தபின் மெல்ல இழுத்தால், பழைய இழை வழிகாட்டப் புதிய இழை தன் கண்ணைக் கடந்து முன்வரும். தவறான கண்ணில் நுழைந்திருந்த இழையை அப்போதே கண்டு திருத்த வேண்டும். திருத்தாவிட்டால், பாவு புதியதாயினும் பழைய துணியின் குறை புதிய துணியிலும் நீளும்.

இவ்வூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குச் சென்றோர் பலர். ஊர், தொழில், அண்டை வீட்டார் என யாவும் அவர்களுக்கு மாறின. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியின் துயரையும் அவர்கள் கண்டனர். அது முடிந்த மறு ஆண்டே, 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கிற்று. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயர் சூட்டப்பட்டது. புதிய மண்ணில் வேரூன்ற முயன்றவர்கள் தாய்மொழியைச் சுமையென்று இறக்கிவைக்கவில்லை. அப்பள்ளி பின்னாளில் மூடப்பட்டது. ஆயினும், உமறுப்புலவர் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் சிங்கப்பூரில் தொடர்ந்தது.

மாணவரின் உறுதிமொழிகள் பெரும்பாலும் பழைய இழையைத் தொடுவதே இல்லை. மார்கழியில் எடுத்த உறுதி தை பிறக்குமுன் தளர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். ‘நாளை முதல் ஐந்து மணிக்கு எழுவேன்’ என்று எழுதுபவர், சென்ற ஆண்டு ஏன் எழவில்லை என்று கேட்டுக்கொள்வதில்லை. கேட்டிருந்தால், நள்ளிரவு வரை கையில் ஒளிர்ந்த கைப்பேசி நினைவுக்கு வந்திருக்கும். திருத்த வேண்டியது விடியலையன்று, இரவை என்பதும் விளங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை தவறியபின் ‘என் இயல்பே இவ்வளவுதான்’ என்று தமக்குத்தாமே தீர்ப்பெழுதிக்கொள்வோரும் உளர். பதினாறு வயதில் எழுதப்படும் அத்தீர்ப்பு, சோம்பலைக் காட்டிலும் கேடானது.

தன்னாய்வு என்பது மதிப்பெண்ணோடும் முடிவதன்று. பத்தாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்த தோழன் வேறு பாடப்பிரிவுக்குப் போயிருப்பான். ஒரு சிறு மனத்தாங்கலில் பேச்சு நின்றிருக்கும். யார் பிழை என்பது இருவருக்கும் தெரிந்தே இருக்கும். புதிய நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் பத்து உறுதிகளை அழகாக எழுதுவது எளிது. பள்ளி விட்டதும் மிதிவண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்து, அவனிடம் முதலில் பேசுவது அத்துணை எளிதன்று.