மூக்கை மட்டம் தட்டாதீங்க மக்களே!

ரொம்ப நாளா மனசுக்குள்ள (மூக்குக்குள்ளன்னும் சொல்லலாம்) உறுத்திக்கிட்டே இருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

"நாயோட மூக்கு எங்கே, மனுஷனோட மூக்கு எங்கே! நம்ம முன்னோர்கள் மரத்துல ஏறினாங்க, கண்ணு கூர்மையாச்சு, மூக்கு மழுங்கிப் போச்சு. இப்ப அது மூக்குக் கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு."

இதைச் சொல்லாத அறிவியல் ஆர்வலர் யாராவது இருக்கீங்களா? நானும் சொல்லியிருக்கேன். நல்லாப் படிச்சவங்க, பரிணாமத்தைப் பத்தி மணிக்கணக்கா பேசக் கூடியவங்க எல்லாம் இந்த ஒரு இடத்துல மட்டும் கேள்வியே கேட்காம தலையாட்டிட்டுப் போயிடறாங்க. அந்தத் தலையாட்டலைத்தான் இங்கே கேள்வி கேட்கப் போறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு சொல்லிடறேன். 2021 மே மாசம் கொரோனா வந்து போச்சு. காய்ச்சல் ஒரு வாரத்துல விட்டது. வாசனை போனது போனதுதான், நாலு மாசம் திரும்பி வரலை. ஒரு நாள் அடுப்புல பாலை வச்சுட்டுப் பக்கத்துலயே லேப்டாப்போட உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு, கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியலை. மொட்டை மாடியில இருந்து இறங்கி வந்த அம்மா, "ஏண்டா, வீடே நாறுது, உனக்குத் தெரியலையா?"ன்னு கத்தி ஜன்னலைத் திறந்தாங்க. தெரியலைம்மா. நிஜமாவே தெரியலை.

இதை ஒரு டாக்டர்கிட்ட சொன்னப்போ வந்த பதில்: "உயிர் பிழைச்சீங்களே தம்பி, வாசனைதானே? மனுஷனுக்கு மூக்கு சும்மா பேருக்குத்தான்." அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் படிச்சது அப்படி. அது எங்கேருந்து வந்ததுன்னு தேடிப் போனேன் பாருங்க, அங்கேதான் தலை சுத்திச்சு.

பால் ப்ரோக்கான்னு 19ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல ஒரு பெரிய உடற்கூறியல் அறிஞர். மூளையில பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடிச்ச அதே ப்ரோக்காதான். 1879ல அவர் பாலூட்டிகளை ரெண்டா பிரிச்சார்: மோப்பத்தை நம்பி வாழறது, நம்பாதது. மூளையோட முன்பகுதி மனுஷனுக்குப் பெருசு, மோப்பக் குமிழ் (மூக்கிலிருந்து வர சேதி முதல்ல போய்ச் சேர்ற இடம்) சின்னது. அதனால மனுஷன் வாசனைக்கு அடிமை இல்லை, சுயமா யோசிக்கிறவன் அப்படிங்கறது வாதம். குரங்குகளையும் நம்மளையும் திமிங்கில வகைகளோட சேர்த்து ரெண்டாவது கூட்டத்துல தள்ளிட்டார். டால்ஃபினுக்கு மோப்பக் குமிழே கிடையாதுங்க! நமக்கு ரெண்டு இருக்கு. பின்னால வந்தவங்க "குறை மோப்ப விலங்கு"ன்னு நமக்கு ஒரு பட்டமும் கொடுத்தாங்க.

இதுல கொடுமை என்னன்னா, இந்தப் பிரிவினைக்காக யாரும் யாருக்கும் எதையும் மோந்து பார்க்கக் கொடுக்கலை. டெஸ்டிங்கே பண்ணாம ரிலீஸ் பண்ணின சாஃப்ட்வேர் மாதிரி :-) நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. 2017ல ஜான் மெகான் "சயின்ஸ்" இதழ்ல இந்தக் கதையை எல்லாம் போட்டு உடைச்சார். ஆனா பழைய கதை இன்னும் சாகலை.

சரி, எதிர்க்கட்சி வாதங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. "மோப்பக் குமிழ் சின்னது"

சுண்டெலிக்கு மூளையில 2 சதவீதம், நமக்கு 0.01 சதவீதம். கேட்டா பயமாத்தான் இருக்கும். ஆனா சதவீதம் குறைஞ்சது குமிழ் சுருங்கினதால இல்லை, மத்த மூளை ஊதிப் போனதால. புது கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் நூறு மடங்கு பெருசானா, பழைய ஃபைல் பிடிக்கிற இடம் நூறுல ஒரு பங்கா தெரியும். ஃபைல் என்ன சுருங்கியா போச்சு? நம்ம குமிழ் சுண்டெலியோடதை விட அளவுல பெருசு. நரம்பணு எண்ணிக்கை பல பாலூட்டிகள்ல சுமார் ஒரு கோடி என்கிற அளவுலயே நிக்குது. உடம்பு வித்தியாசத்தோட ஒப்பிட்டா இந்த வித்தியாசம் ஜுஜுபி.

2. "மரபணுக்கள் செத்துப் போச்சு"

இது உண்மை, மறைக்க மாட்டேன். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ரெண்டு பேரும் 1991ல மோப்ப ஏற்பி மரபணுக்களைக் கண்டுபிடிச்சாங்க (2004ல நோபல் பரிசு). நமக்கு வேலை செய்யறது சுமார் 400. அதை விட அதிகமானது செயலிழந்து கிடக்கு, கமெண்ட் போட்டு ஒதுக்கின கோடு மாதிரி. நாய்க்கு சுமார் 800, சுண்டெலிக்கு 1,000க்கு மேல, ஆப்பிரிக்க யானைக்குக் கிட்டத்தட்ட 2,000. ஆனா எண்ணிக்கைதான் எல்லாம்னா, நாயை சுண்டெலி ஜெயிச்சிருக்கணுமே? "சுண்டெலி மாதிரி மோப்பம் பிடிக்கிறான்"னு யாரையாவது சொல்றோமா? கோடு எத்தனை வரிங்கறதை வச்சு புரோகிராமரை எடை போடற மேனேஜரை நாம என்ன சொல்லித் திட்டுவோம்?

3. "கண்ணைக் கொடுத்து மூக்கை எடுத்துக்கிட்டது பரிணாமம்"

இது ரொம்ப அழகான கதை, அதான் ஆபத்து. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு ரெண்டு வண்ண ஏற்பிதான். நமக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் மூணு. மூணாவது வந்தப்போ மோப்ப மரபணுக்கள் சரிஞ்சதுன்னு 2004ல ஒரு ஆய்வு சொல்லிச்சு. 2010ல ஜப்பான் ஆய்வாளர்கள் நிறைய இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தப்போ, அந்தத் திருப்பத்துல அப்படி ஒரு திடீர்ச் சரிவு தெரியலை. இழப்பு மெதுவா, பல காலமா நடந்திருக்கு. பரிணாமம் பண்டமாற்றுக் கடை இல்லை சாமி.

அப்போ மோந்து பார்க்கச் சொன்னா என்ன ஆகும்? ஸ்வீடன்ல மத்தியாஸ் லாஸ்கா பல வருஷமா அதைத்தான் பண்றார். குரங்குகளுக்கும் மனுஷனுக்கும் அளந்து மத்த விலங்குகளோட ஒப்பிட்டிருக்கார். பல வாசனைகள்ல, குறிப்பா பழ வாசனை மாதிரி சமாச்சாரங்கள்ல, மனுஷ மூக்கு எலியையும் நாயையும் முந்துது. இரையோட உடம்புல இருந்து வர கொழுப்பு அமில வாசனைன்னா அங்கே நாய்தான் ராஜா. பழம் தின்ற பரம்பரைக்குப் பழம், வேட்டையாடற பரம்பரைக்கு இரை. இதுல யாரு உசத்தி, யாரு மட்டம்?

இன்னொண்ணு கேளுங்க. 2007ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல மாணவர்களோட கண்ணைக் கட்டி, காதை அடைச்சு, கையுறை மாட்டி, புல்தரையில 10 மீட்டர் சாக்லேட் வாசனைத் தடம் போட்டு விட்டாங்க. நாலு கால்ல தவழ்ந்துக்கிட்டே மூணுல ரெண்டு பங்கு பேர் தடத்தைப் பிடிச்சுட்டாங்க. பயிற்சி கொடுக்கக் கொடுக்க வேகமும் கூடிச்சு. நம்ம பிரச்சினை மூக்கு இல்லை, நாம குனியறதே இல்லை!

நாய் மூக்கோட அமைப்பே வேற. உள்ளே இழுத்த காத்து ரெண்டா பிரியும். ஒரு பங்கு நுரையீரலுக்கு, இன்னொரு பங்கு பின்னால சுருள் எலும்புகள் நிறைஞ்ச தனி அறைக்கு. நமக்கும் குரங்குகளுக்கும் அந்த அறை இல்லை, ஈர மூக்கும் இல்லை. லெமூருக்கு இன்னும் ஈர மூக்குதான். ஆனா நமக்குப் பின்வாசல் ஒண்ணு நல்லாத் திறந்து கிடக்கு. மெல்லும்போது தொண்டை வழியா மேலே ஏறி மூக்குக்குப் போற வாசனை. நாக்குக்குத் தெரிஞ்சது உப்பு, புளிப்பு மாதிரி நாலஞ்சுதான், மிச்ச ருசி பூரா அந்தப் பின்வாசல் உபயம். சளி பிடிச்சா அம்மா வைக்கிற ரசம் வெறும் புளித்தண்ணியா போறது அதனாலதான். அந்த நாலு மாசமும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் வாசனையைப் பத்திப் பேசவே நமக்கு வார்த்தை இல்லை?"ன்னு ஒரு கேள்வி வரும். யாருக்கு இல்லை? மலேசியா-தாய்லாந்து எல்லைக் காடுகள்ல வாழற ஜஹாய் மக்கள், நிறத்துக்குப் பேர் சொல்ற மாதிரி சுலபமா வாசனைக்கும் பேர் சொல்றாங்கன்னு 2014ல அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் காட்டினாங்க. ஆங்கிலம் பேசறவங்கதான் திக்குமுக்காடினாங்க. நம்ம பக்கமும் பாருங்க: மீனுக்குக் கவிச்சி, பழைய எண்ணெய்க்குக் காறல், அடிபிடிச்ச சோத்துக்குக் காந்தல், காயாத துணிக்கு முடை, நேத்து வச்ச சாம்பாருக்கு ஊசல். வேலைக்கு ஆகாத மூக்குக்கு இத்தனை வார்த்தை எதுக்கு?

கடைசியா, முக்கியமான விஷயம். 1937 மார்ச்ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில வாசனையே இல்லாத எரிவாயு கசிஞ்சு சேர்ந்து வெடிச்சது. கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைங்க, செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் எரிவாயுவுல நாத்தம் கலக்கணும்னு சட்டம் வந்தது. இன்னைக்கு நம்ம வீட்டு சிலிண்டர்ல எத்தில் மெர்காப்டன் இருக்கறதும் அதே காரணத்துக்குத்தான். கோடிக்கணக்கான அடுப்படிகளோட காவல்காரன் எந்த மெஷினும் இல்லை, அந்த வீட்டுப் பெண்களோட, ஆண்களோட மூக்கு. அதைத்தான் "சும்மா பேருக்கு"ங்கறோம்.

பார்கின்சன் நோய்ல கை நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே மோப்பம் குறையறது உண்டு. ஆனா இதுவரைக்கும் நான் போன எந்த மெடிக்கல் செக்கப்லயும் கண்ணுக்கு எழுத்துப் பலகை உண்டு, மூக்குக்கு ஒண்ணும் கிடையாது. சோதிக்காத உறுப்பு, இருக்கா போச்சான்னே தெரியாத உறுப்பு ஆயிடுது. ஒரு தப்பான பழைய கதை இப்படித்தான் ஆளைக் கொல்லப் பார்க்குது. என்னைக் கிட்டத்தட்ட கொன்னுச்சு.

எனக்கு வாசனை திரும்பி வந்த நாள் ஞாபகம் இருக்கு. செப்டம்பர்ல ஒரு சாயங்காலம், மழை விழுந்ததும் மண்வாசனை. அந்த ஜியோஸ்மினை ஒரு லிட்டர் தண்ணியில நானோகிராம் கணக்குல கலந்தாலும் மனுஷ மூக்கு கண்டுபிடிச்சிடும். மாடியில நின்னு அழுதுட்டேன், வெட்கமில்லாமச் சொல்றேன்.

ஆகவே மக்களே, நாயைப் புகழுங்க, வேண்டாங்கலை. அதுக்காக நம்ம மூக்கை மட்டம் தட்டாதீங்க. மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, மூக்கும் மூக்கும் மோதிப் பார்த்துடலாம் :-)