கம்பி போடுங்க, நாங்க நின்னுக்கிறோம்

கால்பந்து மேட்சை உட்கார்ந்து பார்க்கணுமா, நின்னு பார்க்கணுமா? இதெல்லாம் ஒரு கேள்வியான்னு தோணும். ஆனா இங்கிலாந்துக்காரன் இந்த ஒரு கேள்விக்கு முப்பது வருஷத்துக்கும் மேல மண்டையை உடைச்சிக்கிட்டு, 2022ல தான் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த முடிவு நம்ம ஊர் மைதானங்களுக்கும் வேணும்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல நம்ம கதை. சென்னை நேரு ஸ்டேடியத்துல சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்த்திருக்கீங்களா? 2014ல ஆரம்பிச்ச கிளப், 2015லயும் 2017-18லயும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கினாங்க. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ்னு ரசிகர் கூட்டங்கள் உண்டு. அவங்க பக்கம் போனீங்கன்னா ஆட்டம் முழுக்க நின்னுக்கிட்டுத்தான் பாட்டு, மேளம், கூச்சல் எல்லாம். சீட்டு இருக்கு, டிக்கெட்ல இடம் போட்டிருக்கு, ஆனா உட்காரத்தான் ஆளில்லை. சில பேர் பிளாஸ்டிக் சீட்டு மேலயே ஏறி நிப்பாங்க. அதாவது, நிற்கிறதுக்குன்னு கட்டாத இடத்துல ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறாங்க. 'இங்க யாரும் நிற்கிறதில்லை'ன்னு நாம எல்லாரும் சேர்ந்து நடிச்சிக்கிட்டு இருக்கோம்.

இதுல என்ன ஆபத்து? முன் வரிசை சீட்டோட முதுகு நம்ம முழங்கால் உயரத்துக்குத்தான் வரும். கடைசி நிமிஷத்துல ஒரு கோல் விழுது. பின்னாடி இருக்கிறவன் சந்தோஷத்துல ஒரு தள்ளு தள்ளினா, முழங்கால் இடறி முன் வரிசைக்காரன் மேல விழுவோம். அவன் அவனுக்கு முன்னாடி இருக்கிறவன் மேல. படி படியா இறங்குற கேலரியில இது எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு பார்க்கிற இடத்துக்கு டெரஸ்னு பேரு. நம்ம மொட்டைமாடி இல்லைங்க, அகலமான சிமெண்ட் படிக்கட்டு. தொழிலாளிங்க வார வேலை முடிஞ்சு சனிக்கிழமை குறைஞ்ச காசுல நின்னு பார்த்த இடம். 1989 ஏப்ரல் 15 அன்னைக்கு ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ மைதானத்துல லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் அரையிறுதி. வெளிய கூட்டம் நெருக்குதுன்னு போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்து விட்டுச்சு. வந்தவங்க எல்லாரும் எதிர்ல தெரிஞ்ச சுரங்கப்பாதை வழியா, ஏற்கனவே நிரம்பி வழிஞ்ச நடுக் கூண்டுகளுக்குள்ள போயிட்டாங்க. ரெண்டு பக்கத்துக் கூண்டுகள்ல இடம் இருந்தது. அங்க திருப்பி விட ஆளில்லை. முன்னாடி இரும்பு வேலி, வெளியேற வழியில்லை. 97 பேர் இறந்தாங்க. கடைசி ஆள், அன்னைக்குப் பட்ட காயத்தோட 32 வருஷம் வாழ்ந்து 2021ல இறந்தவர்.

ரசிகர்கள் குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணினதாலதான்னு அப்போ கதை கட்டினாங்க. அந்தக் குடும்பங்கள் 27 வருஷம் போராடி, 2016ல ஜூரி தீர்ப்பு சொல்லுச்சு: ரசிகர்கள் மேல தப்பில்லை, இது சட்டவிரோதக் கொலை. விபத்தை விசாரிச்ச நீதிபதி டெய்லர், போலீஸ் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறினதுதான் முக்கியக் காரணம்னு 1989லயே சொல்லிட்டார். நிற்கிறது தன்னளவில ஆபத்தானது இல்லைன்னும் அவரே எழுதினார். ஆனாலும் 1990 ஜனவரியில வந்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்கள்ல எல்லாருக்கும் சீட்டுப் போடுன்னு சொல்லுச்சு. 1994க்குள்ள மேல் ரெண்டு டிவிஷன்லயும் பெரும்பாலான டெரஸ் போயிடுச்சு.

வேலியை எடுத்தாங்க, கேமரா வச்சாங்க, ஆளை எண்ணி உள்ள விட்டாங்க, கூட்டத்தைப் பார்த்துக்கப் பயிற்சி கொடுத்த ஆட்களைப் போட்டாங்க. மைதானங்கள் பாதுகாப்பாச்சு. உண்மை. ஆனா அந்தப் பெருமை மொத்தமும் பிளாஸ்டிக் சீட்டுக்குப் போயிடுச்சு. பொட்டி தட்டுற நண்பர்களுக்குப் புரியும்: ஒரே ரிலீஸ்ல பத்து மாத்தம் பண்ணிட்டு, பிரச்சனை சரியானதும் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுற ஒண்ணுக்கு மட்டும் கிரெடிட் கொடுக்கிற மேனேஜர் கதைதான் :-)

ஜெர்மனிக்காரன் வேற வழியில போனான். டார்ட்மண்ட் மைதானத்துல தெற்கு கேலரியில மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர் நின்னு பார்க்கிறாங்க. மஞ்சள் சுவர்னு பேரு. மாணவன், கூலித் தொழிலாளி எல்லாரும் வர்ற மாதிரி டிக்கெட் விலை.

ஜெர்மனியில பரவின இன்னொரு ஐடியாவைத்தான் மத்த நாட்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்துல ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பிச் சட்டத்துக்குள்ளயே மடக்குற சீட்டு. நிற்கணும்னா மடக்கிக்கோ, உட்காரணும்னா இறக்கிக்கோ. கோல் விழுந்து எல்லாரும் குதிச்சாலும் கம்பி தாங்கும். யாரும் முன் வரிசை மேல போய் விழ முடியாது. வரிசைக்கு வரிசை கம்பி இருக்கிறதால பின்னாடி இருந்து வர்ற நெருக்கம் சேர்ந்து சேர்ந்து முன்னாடி இருக்கிறவனை நசுக்கவும் முடியாது. முழங்கால் உயரச் சீட்டு இடறி விடுது, இடுப்பு உயரக் கம்பி தாங்கிப் பிடிக்குது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்துல செல்டிக் கிளப் 2016ல கிட்டத்தட்ட 3,000 இடங்களுக்கு இதைப் போட்டுச்சு. ஹில்ஸ்பரோவில் ஆளை இழந்த லிவர்பூல் ரசிகர்களே 2017ல தங்களுக்குள்ள ஓட்டெடுப்பு நடத்தி இதை ஆதரிச்சாங்க. இறந்தவங்க குடும்பத்துல சிலருக்கு இன்னும் மனசு ஒப்பலை, அதையும் மதிக்கணும். 2022 ஜனவரி 2, செல்சி மைதானத்துல சோதனை ஆரம்பிச்சது. அந்த சீசன் முடிஞ்சதும் இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டு இடத்துலயும் லைசென்ஸோட நின்னு பார்க்க அனுமதி. நிபந்தனை ஒண்ணு: ஒரு சீட்டுக்கு ஒரு ஆள். நிற்கிறாங்கன்னு சொல்லி ஒரு டிக்கெட் கூட அதிகமா விக்க முடியாது.

நம்ம பழைய 'முதலாளி' பிரான்ஸ் கதையும் இருக்கு. (தேங்காய்த்திட்டுக்காரன் பிரான்ஸைச் சொல்லாம விட்டா பாண்டிக்குள்ள விடமாட்டாங்க.) 1992 மே 5, கோர்சிகா தீவுல பாஸ்தியா - மார்செய் அரையிறுதி. காசு பார்க்கிற ஆசையில பழைய கேலரியை இடிச்சிட்டு, அவசர அவசரமா குழாய் வச்சு ஒரு தற்காலிகக் கேலரி கட்டினாங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதோட மேல்பகுதி சரிஞ்சு 18 பேர் இறந்தாங்க, 2,300க்கும் மேல காயம். அதுக்கப்புறம் அங்கேயும் நிற்கத் தடை. 2018ல லான்ஸ், செயின்ட் எட்டியன், அமியான், சோஷோன்னு நாலு ஊர்ல மறுபடி சோதனை ஆரம்பிச்சாங்க. ஏன்னா விழுந்தது கேலரி. நின்னவங்க அதை விழ வைக்கலை.

இப்போ நம்ம நாட்டுக் கணக்கைப் பாருங்க.

1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். ரெண்டு பக்க ரசிகர்களும் ஒரே கேலரியில கலந்து இருந்தாங்க. கைகலப்பு, கல்வீச்சு, தப்பிச்சு ஓடினதுல நெரிசல். 16 பேர் செத்தாங்க.

2022 மார்ச், மலப்புரம் மாவட்டம் பூங்கோடு. செவன்ஸ் ஆட்டத்துக்குக் கட்டின தற்காலிகக் கேலரி பாரம் தாங்காம சரிஞ்சு நிறைய பேருக்குக் காயம்.

2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். உள்ள ஒவ்வொருத்தருக்கும் சீட்டு இருக்கிற மைதானம்தான். ஆனா கேட்டுக்கு வெளிய நெரிசல்ல 11 பேர் செத்தாங்க. அந்தச் சீட்டுகள்ல ஒண்ணு கூட அவங்களைக் காப்பாத்தலை.

மூணுலயும் பொதுவா இருக்கிறது என்ன? எத்தனை பேர் வர்றாங்கன்னு கணக்கு, எந்தப் பக்கம் யாரை விடுறதுன்னு திட்டம், கட்டினது பாரம் தாங்குமான்னு சோதனை, வெளியேற வழி. இதுல ஏதோ ஒண்ணு ஒவ்வொரு இடத்துலயும் இல்லை. ஆளைக் கொன்னது அதுதான், நின்ன கால் இல்லை.

கொச்சி இன்னும் நல்ல உதாரணம். பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு 60 ஆயிரம் பேருக்கு மேல வந்த மைதானம். 2017ல 17 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பை வந்தப்போ ஃபிஃபா ஆளுங்க வந்து பார்த்துட்டு 29 ஆயிரம்தான்னு குறைச்சிட்டாங்க. ஒரு அவசரம்னா எல்லாரும் எவ்வளவு நேரத்துல வெளிய போக முடியும்ங்கிறதுதான் கணக்கு. நம்ம பாஷையில சொன்னா, சர்வர்ல எவ்வளவு மெமரி இருக்குன்னு பார்க்கலை, வெளிய போற பைப்போட அகலத்தைப் பார்த்தாங்க. பிரிட்டன்ல இதுக்குன்னு ஒரு வழிகாட்டிப் புத்தகமே இருக்கு. சாதாரணமா ஆட்டம் முடிஞ்சா 8 நிமிஷத்துக்குள்ள எல்லாரும் கேலரியை விட்டு வெளியேறணும். நிற்கிற இடத்துல 10 சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர். அதுக்கு மேல ஒரு ஆள் கூடக் கிடையாது.

எதிர்க்கேள்விகள் வரும், நியாயமானவைதான்.

"கரூரை மறந்துட்டியா?"ன்னு கேட்பீங்க. 2025 செப்டம்பர் 27, 41 உயிர். மறக்கலைங்க. அந்த ராத்திரிக்கு அப்புறம் 'நின்னுக்கிட்டு இருக்கிற கூட்டம்'னு கேட்டாலே நமக்கு வயிறு கலங்குது. ஆனா ஒரு ரோட்டுக்கு வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, இதுக்கு மேல உள்ள விடாதேன்னு நிறுத்துற எண்ணிக்கை கிடையாது. மைதானத்துக்கு இது மூணும் இருக்கு, ஒழுங்கா பயன்படுத்தினா. வருஷா வருஷம் ஆடி மாசம் எங்க பக்கத்துல வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஜனம் திரளும். பிரெஞ்சுக்காரன் காலத்துல இருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். அங்க யாரும் நாற்காலி போடுன்னு கேட்கிறதில்லை. வடத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கணும், எந்தப் பக்கம் வழி விடணும்னுதான் யோசிக்கிறோம். நின்னு பார்க்கிற ஜனம் நாம. அதை ஒழுங்குபடுத்தணும், இல்லாத மாதிரி பாவனை பண்ணக்கூடாது.

"பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க என்ன பண்ணுவாங்க?" இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. இப்போ அவங்கதான் மாட்டிக்கிறாங்க. முன்னாடி நாலு பேர் எழுந்து நின்னா, பின்னாடி பிள்ளையை மடியில வச்சிருக்கிற அம்மாவும் எழுந்து நின்னுதான் ஆகணும், இல்லைன்னா முதுகைத்தான் பார்க்கணும். நிற்கிறவனுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கிட்டா, மத்த எல்லாப் பக்கத்துலயும் "உட்காருய்யா"ன்னு உரிமையோட சொல்லலாம்.

"சர்வதேச ஆட்டத்துக்குத் தனித்தனி சீட்டு வேணுமே?" கம்பிச் சட்டத்துக்குள்ள சீட்டு இருக்கே. அன்னைக்கு இறக்கி விட்டுக்கோங்க.

"நம்ம ஊர்ல யாருய்யா எண்ணப் போறா?" இதுதான் எனக்கே பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. எண்ணலைன்னா கம்பி போட்டும் பிரயோஜனமில்லை. சீட்டு போட்டும் பிரயோஜனமில்லை. அதனால என் வரிசை இதுதான்:

முதல்ல கேட்டுல ஆளை எண்ணணும். எத்தனை பேர், எத்தனை நிமிஷத்துல வெளியேறலாம்னு கணக்கு போட்டு, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வாசல்ல எழுதி வைக்கணும்.

ரெண்டாவது, அரங்கத்தைக் கட்டினவங்களும் டிக்கெட் விக்கிறவங்களும் இல்லாத ஒரு தனி ஆணையம் அதைச் சோதிச்சு லைசென்ஸ் கொடுக்கணும்.

இது ரெண்டும் ஆனப்புறம், கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு பக்கம் கம்பி. ஒரு சீட்டுக்கு ஒரு ஆள். விலை மைதானத்துலயே குறைச்சலா இருக்கணும், காலேஜ் பையனும் மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் உடைக்கிறவரும் வர்ற மாதிரி.

நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோடது. அரசாங்கமே முதலாளிங்கிறதால கேட்கிறதுக்கு விலாசம் இருக்கு. எங்க ஊர்ல உப்பளம் இந்திரா காந்தி ஸ்டேடியத்தை அடுத்த தடவை புதுப்பிக்கும்போது, பெயிண்ட் அடிக்கிற காசுல கொஞ்சம் எடுத்து ஒரு பக்கக் கேலரிக்கு மட்டுமாவது செஞ்சு பார்க்கலாம். சின்ன மைதானம், சின்னக் கூட்டம். சோதனை பண்ண இதை விட நல்ல இடம் கிடைக்காது. தப்பிருந்தா அங்கேயே தெரிஞ்சிடும், சரி பண்ணிக்கலாம்.

1980லயும் 2025லயும் செத்த பிறகுதான் கமிட்டி போட்டோம். ஒரு தடவையாவது முன்னாடியே போடலாமே?

டிஸ்கி: 'உனக்கு உட்கார முடியலைன்னா டிவியில பாரு'ன்னு பின்னூட்டம் போடப்போற அன்பர்களுக்கு: டிவி முன்னாடியும் நான் நின்னுக்கிட்டுத்தான் பார்க்கிறேன். வீட்டுல அதுக்கும் திட்டு விழுது :-)