குரல் உடைகிறதா? சர்வரைத் திட்டாதீர்கள்!

இன்டர்நெட் வழியாகப் பேசும்போது குரல் விட்டு விட்டுக் கேட்டால் நாம் எல்லோரும் முதலில் என்ன சொல்கிறோம்? "சர்வர் ஸ்லோ" என்கிறோம். அடுத்ததாக "ரேம் போடுங்கள்" என்கிறோம். அதுவும் சரிப்படாவிட்டால் "புது சர்வர் வாங்குங்கள்" என்கிறோம். இந்தப் பழக்கம் கிராமத்து அலுவலகங்களின் பணத்தை வீணாக்குகிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பாகூர் பக்கம் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய அலுவலகம். அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் ஆஸ்டெரிஸ்க் சாப்ட்வேரும் போட்டுத் தொலைபேசி சர்வராக வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள 6 கிராம மையங்களில் ஆளுக்கொரு ஐபி போன். வெளித் தொலைபேசிகளோடு இணைக்காமல் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு.

காலை 8 மணிக்குக் கணீரென்று கேட்கும் குரல், 10 மணிக்கு மேல் உடைந்து போகும். ஒரு நாள் மருந்து அளவு கேட்ட ஓர் அம்மாவுக்கு இங்கிருந்து "இருபத்தைந்து மில்லி" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்தது "ஐந்து" மட்டும்தான். நல்லவேளையாகத் திருப்பிக் கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் பயிர் போயிருக்கும். அதன் பிறகுதான் 40,000 ரூபாய்க்குப் புது சர்வர் வாங்க விலைப்பட்டியல் வாங்கினார்கள். வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி என்னை அழைத்தார்கள்.

நான் போனதும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "யாருக்கு உடைகிறது? உங்களுக்கா, அவர்களுக்கா?" கிராமத்தில் பேசுவது அலுவலகத்தில் தெளிவாகக் கேட்கிறது, அலுவலகத்தில் பேசுவதுதான் கிராமத்தில் உடைகிறது என்றார்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. சர்வர் திணறினால் இரண்டு பக்கமும் உடைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் அந்தப் பக்கம் போகும் வழியில்தான் அடைப்பு.

பிறகு அளந்து பார்த்தோம். 6 பேர் பேசிக்கொண்டிருக்கும்போதும் பிராசசர் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரி பாதிக்கு மேல் காலி. அடுத்து பிங் கட்டளை கொடுத்தோம். அலுவலக ரவுட்டர் வரை 1 மில்லி செகண்ட். வெளியே உள்ள ஒரு முகவரிக்குக் காலையில் 35 மில்லி செகண்ட், 11 மணிக்கு 1,100 மில்லி செகண்ட்! பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு தெரியாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இங்கே அந்தக் கணக்கே அடிபட்டுப் போயிருந்தது.

காரணம் என்ன? ஜி.711 முறையில் ஒரு குரல் அழைப்புக்கு, தலைப்புத் தகவல்களையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் சுமார் 80 கேபிபிஎஸ் வேண்டும். 6 அழைப்புக்கு 480. அந்த இணைப்பில் நாங்கள் அளந்த அப்லோட் வேகம் 700 கேபிபிஎஸ். பேச்சு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் வாசலில் மாட்டிய கேமரா, ஆள் நடமாட்டம் தெரியும்போதெல்லாம் வீடியோவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஊழியர்களின் மொபைல்கள் வேறு அலுவலக வைஃபையில் போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருந்தன. 10 மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும் குரல் ஏன் உடைந்தது என்பது இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

பாகூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மதகின் அளவுக்குத்தான் வெளியே வரும். மேல்மடைக்காரர் ஒருவரே வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடை காயும். இங்கே கேமரா மேல்மடை, குரல் கடைமடை. போதாததற்கு ரவுட்டர், அனுப்ப முடியாத பாக்கெட்டுகளைத் தள்ளிவிடாமல் வரிசையில் சேர்த்து வைக்கிறது. வரிசை நீள நீளத் தாமதம் கூடும். வீடியோ தாமதமாகப் போனால் நஷ்டமில்லை. ஆனால் நேரம் தப்பி வந்த குரல் பாக்கெட்டைப் போன் தூக்கி எறிந்துவிடும். இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர். வரிசையை நீளவிடாமல் காக்கும் கோடெல் என்ற முறையைக் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல் வெளியிட்டார்கள். இப்போது ஓப்பன் டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் சாப்ட்வேர்களில் அந்த வழியில் வந்த முறை இலவசமாகவே கிடைக்கிறது.

அலுவலகத்தில் செய்தது மூன்றே வேலை. ரவுட்டரில் அந்தச் சாப்ட்வேரைப் போட்டு, அப்லோடுக்கு அளந்த வேகத்தில் 85 சதவீதத்தை வரம்பாக வைத்து, குரலுக்கு முன்னுரிமை கொடுத்தோம். கேமராவின் வீடியோ தரத்தைக் குறைத்தோம். மொபைல் போட்டோக்களை இரவில் ஏற்றிக்கொள்ளச் சொன்னோம். புது சர்வர் வாங்கவில்லை. அதே பழைய கம்ப்யூட்டர்தான் இன்றும் ஓடுகிறது.

சர்வர் மீது எப்போதுமே தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு போன் ஜி.711லும் மறு போன் ஜி.729லும் பேசினால் நடுவில் மாற்றிக் கொடுக்கும் வேலை பிராசசருக்கு. எல்லா அழைப்புகளையும் பதிவு செய்தால் ஹார்ட் டிஸ்க்குக்குச் சுமை. 5060 என்ற போர்ட்டை வெளியே திறந்து வைத்தால் எங்கிருந்தோ வந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் புரோகிராம்கள் சர்வரைப் படுத்தி எடுக்கும். லாக் பைலைப் பார்த்தால் தெரிந்துவிடும். இவற்றையும் அளந்துதான் சொல்ல வேண்டும், ஊகித்து அல்ல.

குறுகிய வழியில் குரலையும் தகவலையும் அனுப்புவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. நம்பகமான தொலைபேசி இணைப்பு இல்லாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாகவே பேச்சும் தகவலும் போயின. மின்வெட்டுக்கு சோலார். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் கிடைத்த அலை உயரக் கணிப்பு வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வழி குறுகியது என்று தெரிந்ததால் எது அவசியமோ அதை அனுப்பினார்கள். இன்று வழி அகலமாகிவிட்டது, அந்தக் கவனம் போய்விட்டது.

தப்பு நம்முடையது மட்டுமா? பிராட்பேண்ட் என்றால் என்ன என்று அரசு 2004ல் வகுத்தபோது குறைந்தபட்ச டவுன்லோட் வேகம் 256 கேபிபிஎஸ் என்றது. 2013ல் 512 ஆக்கியது. 2023ல் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. மூன்று முறையும் டவுன்லோட் மட்டுமே! அப்லோட் எவ்வளவு, தாமதம் எவ்வளவு என்ற பேச்சே அந்த வரையறையில் இல்லை. சினிமா பார்ப்பவருக்கு அது போதும். கிராமத்திலிருந்து பேச வேண்டியவருக்குப் போதாது. வரையறையில் அப்லோடும் தாமதமும் சேர வேண்டும். விளம்பரத்தில் டவுன்லோட் வேகத்தை எவ்வளவு பெரிதாகப் போடுகிறார்களோ, அதே அளவு எழுத்தில் இவற்றையும் போட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் ஒருமுறை, கூட்டமான நேரத்தில் ஒருமுறை பிங் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் போதும். இரண்டு எண்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சர்வர் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் ரவுட்டரிடம் போங்கள். புது இணைப்பு வாங்கும்போது "அப்லோட் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.